ஐந்து மில்லிமீட்டர் கல்

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் ஓர் எடைமேடையில் ஒன்பது வருஷமாகச் சீட்டு போடுகிறேன். லாரி மேடையில் ஏறி நிற்கும். திரையில் எண் வரும். அது ஆடி அடங்கும்வரை பார்த்திருந்து, பொத்தானை அழுத்தி, சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டுவேன். காலி வண்டிக்கு ஒரு தடவை, கம்பி ஏற்றி வந்த பிறகு ஒரு தடவை. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறுவரை இதுதான் வேலை. எட்டடிக்கு ஆறடி அறை, ஒரு மின்விசிறி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

எனக்கு வலி வந்த அந்த மே மாதத்துக்கு முந்தைய இரண்டு வருஷமும் எனக்கு எதுவும் பெரிதாகத் தோன்றியதில்லை. அந்த இரண்டு வருஷத்தின் தொடக்கத்தில்தான் என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிமணிகளைப் பையில் போட்டுக்கொண்டு எண்ணூரில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனார். சண்டை எதுவும் இல்லை. "கொஞ்ச நாளு அங்க இருக்கேன்" என்றார். "சரி" என்றேன். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தேன். அழுகை வரும் என்று சில நாட்கள் எதிர்பார்த்தேன். வரவில்லை. பிறகு எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை, நானும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும். முதுகின் இடப்பக்கம், விலா எலும்பு முடிகிற இடத்தில். வாயு என்று நினைத்தேன். எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். எப்படி இருந்தாலும் அது அங்கேயே இருந்தது. பிறகு அது நகர ஆரம்பித்தது. முதுகிலிருந்து வயிற்றின் ஓரமாகச் சுற்றி, அடிவயிறு வழியாகத் தொடைக்குள் இறங்கியது. உள்ளே யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. விட்டது. மறுபடி முறுக்கியது.

மேடையில் ஒரு லாரி நின்றது. சீட்டுக்காக ஜன்னலருகே வந்த டிரைவரை எனக்குப் பல வருஷமாக முகம் தெரியும். தண்டையார்பேட்டைக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை லோடு எடுக்க வருவார். அதற்குமேல் பேசியதில்லை.

"இன்னாமா, சீட்டு இன்னும் வர்ல?" என்று குனிந்து பார்த்தவர் குரலை மாற்றினார். "ஏ தங்கச்சி, இன்னா ஆச்சு? மூஞ்செல்லாம் வெளுத்துப்போய் கீது."

நான் குப்பைக்கூடையை இழுத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமில்லண்ணே. சரியாப் பூடும்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தரையில் மண்டி போட்டுவிட்டேன். அப்போதும் என் கண் திரையில்தான் இருந்தது. எண் எப்போதோ அடங்கியிருந்தது. எட்டிப் பொத்தானை அழுத்தினேன். சீட்டு வெளியே வந்தது. கிழிக்கக் கை வரவில்லை.

அவர் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். பின்னால் வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. பின்வண்டி டிரைவரிடம் தன் சாவியை வீசி, "மாமு, என் வண்டிய ஓரமா வுட்டுட்டு உன் வேலைய பாரு. இந்தம்மாவ இட்டுகினு போறேன்" என்றார். என்னை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி நிறுத்தி, தெருவில் போன ஆட்டோவை நிறுத்தி ஏற்றினார். என் பையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

ராயபுரம் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை ரோடு முழுக்க கன்டெய்னர் லாரிகள். ஒவ்வொரு பள்ளத்திலும் என் உடம்பு தானாக மடங்கியது. "பாத்து வுடு நைனா, பள்ளத்துல வுடாத, பொம்பள நோவுல கீது" என்று அவர் ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தேன். செத்துவிடுவேனோ என்று தோன்றியது. அது பயமாகத் தோன்றவில்லை. மழை வருமோ என்று நினைப்பதுபோல் நினைத்துக்கொண்டேன்.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வாட்ச்மேன் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். "நீங்க யாரு, புருஷனா?" என்று கேட்டார்.

"இல்லபா, லாரி டிரைவரு."

"கூட ஒருத்தர்தான் இருக்கலாம். வூட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

டிரைவர் என்னிடம் திரும்பினார். "போனைத் தொறந்து குடும்மா. யாருக்கு சொல்றது?" நான் விரலை வைத்துத் திறந்து கொடுத்தேன். யாருக்கு என்பதற்குப் பதில் சொல்லவில்லை. யோசிக்கவும் இல்லை. வலி முறுக்கும்போது ஸ்ட்ரெச்சரின் கம்பி மட்டும்தான் இருந்தது.

உள்ளே பத்துப் பன்னிரண்டு கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் காசிமேட்டு மீனவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திருக்கை மீனின் முள் குத்தி அவருடைய கை முழங்கைவரை வீங்கியிருந்தது. அதைச் சுடுதண்ணீர் வாளியில் வைத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஏதோ எனக்குத்தான் அதிகம் என்பதுபோல்.

பெண் டாக்டர். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. முதுகில் இடப்பக்கம் கையின் விளிம்பால் லேசாகத் தட்டினார். நான் கட்டிலிலிருந்து எழும்பிவிட்டேன். "கிட்னில கல்லாத்தான் இருக்கும்" என்று நர்ஸிடம் சொன்னவர் என் முகத்தருகே குனிந்தார்.

"பத்துக்கு எவ்வளவும்மா வலி?"

உடனே சொல்ல முடியவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தேன். திரையில் எண்ணைப் பார்த்திருப்பதுபோல.

"எட்டு" என்றேன்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன்? சுகர், பிரஷர்?"

"இல்ல."

"எந்த ஊசி மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா?"

"இல்ல."

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தார். இடுப்பைத் திருப்பச் சொன்னார். அப்போது வாசலில் டிரைவரின் குரல் கேட்டது.

"டாக்டரம்மா! ஒரு நிமிசம், ஒரு நிமிசம்!" காதில் என் போனை வைத்துக்கொண்டு, வாட்ச்மேன் கையைத் தட்டிவிட்டு அவர் உள்ளே வந்தார். "வூட்ல இருந்து சொல்றாரு. இந்தம்மாவுக்கு முன்ன பல்லு புடுங்கினப்போ வலிக்கு ஊசி போட்டாங்களாம். மூஞ்சி, கண்ணு எல்லாம் வீங்கி மூச்சு வுட முடியாம பூட்ச்சாம். டைக்ளோ இன்னாவோ பேரு. அதைப் போடவே கூடாதுன்றாரு."

நர்ஸின் கை நின்றது. அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். "கேட்டேனேம்மா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏழெட்டு வருஷம் இருக்கும். திருவொற்றியூரில் பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு நடந்து வரும்போதே உதடு தடித்தது. கூட வந்த என் வீட்டுக்காரர் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி ஓடினார். மார்க்கெட் நடுவே, செருப்பு ஒன்று கழன்றதைக்கூட எடுக்காமல். எனக்கு நடந்தது எனக்கு மறந்துவிட்டது. அவருக்கு மறக்கவில்லை.

டிரைவர் கூப்பிட்டது அவரைத்தான். என் போனில் அவருடைய எண் "வீடு" என்றுதான் இருந்தது. கல்யாணமான புதிதில் போட்டது. மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வேறு மருந்தை பாட்டிலில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் முறுக்கு தளர்ந்தது. வலி போன இடம் கனமாக, யாரோ உட்கார்ந்து எழுந்துபோன மெத்தைபோல் இருந்தது. நான் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

ஒன்றரை மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். நெட்டுக்குப்பம் பக்கத்து அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்டில் ஃபிட்டர் வேலை. வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். பூட்ஸில் சாம்பல் படிந்திருந்தது. முன்பைவிட மெலிந்திருந்தார். கண்ணாடி புதிதாகப் போட்டிருந்தார். நான் பார்த்தது அவ்வளவுதான். நெஞ்சு ஏதாவது செய்யும் என்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை.

டிரைவர் என் பையை அவர் கையில் கொடுத்தார். "இந்தா நைனா, உன் வூட்டம்மா பை. போனு, சாவி எல்லாம் உள்ள கீது. பாத்துக்க. நான் போய் என் வண்டிய எடுக்கறேன், இந்நேரம் அங்க இன்னா கூத்தோ." என்னிடம் "வரட்டாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். நான் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. வாய் உலர்ந்திருந்தது.

வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு மூத்திரப்பை நிரம்ப வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, போகாமல் அடக்கி வைத்திருக்க வேண்டும். அவர் வெளியே போய் இரண்டு பாட்டில் வாங்கி வந்தார். மூடியைத் திருகித் திறந்து நீட்டினார். கட்டில் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

குடித்தேன். அவர் பாட்டிலில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் தண்ணி குடிக்கிறதே இல்லியா நீ?" என்றார்.

"குடிக்கிறேன்."

"பொய். அப்பவே தலையால அடிச்சிகினேன். ஒரு நாளு முழுக்க அரை சொம்பு. கேட்டா தாகமில்லன்னுவ. இன்னா புடிவாதமோன்னு வுட்டுட்டேன்."

"புடிவாதம் இல்ல."

"பின்ன?"

 இன்னொரு மடக்கு குடித்தேன். பிறகு சொன்னேன். "அங்க போறதுக்கு இடம் கிடையாது."

"எங்க?"

"எடைமேடைல. பாத்ரூம் இல்ல. ஆம்பளைங்க சுவரோரமா போயிடுவாங்க. நான் எங்க போறது? மெயின் ரோட்டுல ஒண்ணு கீது, பாதி நாளு பூட்டு. தொறந்திருந்தாலும் போயிட்டு வர அரை மணி ஆவும். அதுக்குள்ள வண்டி வரிசை கட்டிக்கும். காலைல வூட்ல போயிட்டு வந்தா, திரும்ப வூட்டுக்கு வந்துதான். அதான் குடிக்கிறதில்ல."

 பக்கத்துக் கட்டிலில் மீனவரின் வாளிக்குச் சுடுதண்ணீர் மாற்றி ஊற்றினார்கள்.

"ஏழு வருஷம் நான் கூட இருந்தப்பவும் இப்டித்தானா?"

"ஆமா."

"சொல்லவே இல்லியே நீ."

"நீ தண்ணி குடின்னு சொன்ன. ஏன் குடிக்கலன்னு கேக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "நான் ஏன் போனேன்னு நீயுந்தான் கேக்கல" என்றார்.

அதற்குள் ஸ்கேன் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டாவது பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. அதை அவர் குடித்தார்.

இடப்பக்கச் சிறுநீர்க் குழாயின் அடியில், ஐந்து மில்லிமீட்டர் கல். தானாகவே இறங்கிவிடும் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது, கல் வந்தால் வடிகட்டிப் பிடித்துச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும்.

"முடியாது டாக்டர்" என்றேன்.

"என்ன முடியாது?"

 வீட்டுக்காரர்தான் சொன்னார், ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று, ஏதோ தன் தப்பைச் சொல்வதுபோல். "இவங்க வேல செய்யற எடத்துல லேடீஸுக்கு பாத்ரூம் கெடையாதுங்க, மேடம்."

டாக்டரின் பேனா நின்றது. என்னை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டின் கீழே, மருந்துப் பெயர்களை எழுதிய கிறுக்கல் இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தெளிவாகத் தமிழில் எழுதினார்: "இவர் வேலை நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் சிறுநீர் கழிக்க வேண்டும்." கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். "இதை உங்க முதலாளிகிட்ட காட்டுங்க" என்றார்.

நாலரை மணிக்கு ஆட்டோவில் திருவொற்றியூருக்கு வந்தோம். மூன்றாவது மாடி. படியில் அவர் எனக்குப் பின்னால் ஏறினார். வீட்டுக்குள் வந்து நின்று சுற்றிப் பார்த்தார். எதுவும் மாறியிருக்கவில்லை. நான் கட்டிலில் படுத்தேன். சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. நான்கு பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து, கட்டிலை ஒட்டித் தரையில் வரிசையாக வைத்தார்.

"காலைக்குள்ள காலி பண்ணணும்" என்றார்.

"சரி."

கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு போனார். நான் முதல் பாட்டிலை எடுத்துக் குடித்தேன். அப்புறம் தூங்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். எடைமேடை முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சீட்டை அவரிடம் நீட்டினேன். மருந்துச் செலவுக்கு என்று நினைத்துப் பாதி படித்தவர் கீழே வந்ததும் நிறுத்தினார். காது சிவந்துவிட்டது.

"என்னம்மா இது" என்றார். "ஒம்பது வருசமா ஒரு வார்த்தை சொல்லலியே."

"யார்கிட்ட அண்ணாச்சி சொல்றது?"

"எங்கிட்டச் சொல்லக் கூச்சம்னா, எங்க வீட்டுப் பொம்பளையள்ட்டச் சொல்லியிருக்கலாம்லா. எனக்கும் மூணு பொம்பளப் பிள்ளைய இருக்கு." அவர் சீட்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஒன்பது வருஷம் அந்த ஜன்னலுக்குள் ஒரு கை மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பார் போல.

அடுத்த வாரமே கொத்தனார் வந்தார். அறைக்குப் பின்னால் ஹாலோ பிளாக் அடுக்கி, தகரக் கதவு போட்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்துக் கட்டினார்கள். முதல் நாள் நான் போய்விட்டு வெளியே வந்தபோது எதிரில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"நான் போலாமா?" என்று கேட்டார்.

"போங்கக்கா. எல்லாருக்குந்தான்."

வெளியே வந்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "பதினாலு வருசம்மா. நான் போடுற டீயை நானே குடிச்சதில்ல" என்றார். அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அப்படித்தான் நிற்க வேண்டும் என்று தெரிந்ததால்.

கொத்தனார் வருவதற்கு முன்பே, அந்தத் திங்கட்கிழமை, லாரி டிரைவர் வந்தார். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று அவருடைய லோடு நாலு மணி நேரம் தாமதமாகியிருக்கிறது. அதைப் பற்றி நான் கேட்டதும் கையை வீசினார். "அத்த வுடு. கல்லு பூட்ச்சா?" என்றார். "இன்னும் இல்லண்ணே" என்றேன். "வாழத்தண்டு சாறு குடி, எங்க வூட்ல அதான்" என்று சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். நன்றி சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தை மனதில் தயார் செய்து வைத்திருந்தேன். அடுத்த வண்டி ஏறிவிட்டது.

கல் எட்டாம் நாள் காலையில் வந்தது. ஒரு சுருக்கென்ற வலி, பிறகு வடிகட்டியில் சின்னதாக ஒரு சத்தம். பழுப்பு நிறம். கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சற்று ஒல்லி. ஒரு பக்கம் முள்முள்ளாக இருந்தது. கழுவி மாத்திரை டப்பாவில் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவை.

"வந்துச்சா?"

"காலைல."

"வலிச்சுதா?"

"கொஞ்சம்."

 அவர் பக்கம் ஒரு ரயில் போவது கேட்டது. அது முழுக்கப் போகும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"ஞாயித்துக்கெழம வரட்டா?" என்றார்.

வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. "வா" என்றேன்.

காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வந்தார். நான் குழம்பு வைத்தேன். தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது கேட்டேன்.

"ஏன் போன?"

அவர் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "நைட் ஷிப்ட் முடிச்சி வருவேன்" என்றார். "நீ தூங்குற மாதிரி படுத்துனு இருப்ப. தூங்கலன்னு எனக்குத் தெரியும். தினோம் அப்டியே. நானும் இன்னா பேசறதுன்னு தெரியாம கம்முனு படுத்துக்குவேன். ஒரு நாளு, இதுக்கு அக்கா வூட்லயே படுத்துக்கலாமேன்னு தோணிச்சி."

அது உண்மைதான். ஏன் அப்படிப் படுத்திருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். காரணம் எதுவும் கிடைக்கவில்லை. கோபம்கூட இருந்ததில்லை. அவர் சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வது எப்போதோ பழக்கமாகிவிட்டிருந்தது.

"ஆமா" என்றேன். "தூங்கல."

அவர் தலையாட்டினார். குழம்பு கொஞ்சம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு தட்டையும் அவரே எடுத்துப் போய்க் கழுவினார். நான் தரையில் சிந்திய பருக்கைகளைத் துடைத்தேன்.